உடனே பொரிப்பதா, உறங்குவதா?

'சபிட்டேனியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன, அது எங்காவது வழங்குகிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 'திடீரென நிகழ்கிற' என்பது பொருள். மறைவாக வந்து சேர்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. பிரெஞ்சு வழியே வந்து தேய்ந்த வடிவம்தான் நாம் அறிந்த 'சடன்'. 17ஆம் நூற்றாண்டில் அதே லத்தீன் மூலத்தைப் படித்தவர்கள் நேரடியாக மீண்டும் எடுத்தார்கள். பேச்சில் அது நிலைக்கவில்லை. உயிரியலில் இன்றும் வாழ்கிறது.

குளத்து நீரில் துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணிய உயிரிகள் உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. அவற்றில் பல, இருவகை முட்டை இடும். சில நாள்களில் பொரிந்துவிடுவது சபிட்டேனியஸ் முட்டை. மற்றது உறக்க முட்டை. அடிச்சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும்.

எப்போது எதை இடுவது? எனக்கு அலுக்காத கேள்வி இது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் குளங்களில் டயாப்டோமஸ் சாங்குவினியஸ் என்ற துடுப்புக்காலியைச் சூழலியலாளர் நெல்சன் ஹேர்ஸ்டனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். அங்கே வசந்தத்தில் நீர் சூடேறியதும் சன்ஃபிஷ் மீன்கள் வேட்டையைத் தொடங்கும். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், தாய்கள் உறக்க முட்டைக்கு மாறிவிடுகின்றன. மீன் வந்த பிறகு மாறினால் பயனில்லை. இன்று இடும் சபிட்டேனியஸ் முட்டையிலிருந்து வரும் குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் மீனுக்கு இரையாகிவிடும். மிக முன்னதாக மாறினாலோ, இன்னொரு தலைமுறை பெருகும் வாய்ப்பு வீண். ஆகவே மீன் வருவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் முன்பு மாற வேண்டும். மீனைக் காணாமலே இதை எப்படிக் கணிக்கின்றன? பகலின் நீளமும் நீரின் வெப்பமும் சேர்ந்து குறிப்புத் தருகின்றன. மூளை என்று சொல்ல ஒரு சிறு நரம்பு முடிச்சே உள்ள உயிரிடம் இத்தனை நுட்பம்!

1983இல் வறட்சி ஒரு குளத்தின் மீன்களை அழித்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் அங்குள்ள துடுப்புக்காலிகள் மாறும் நாளைத் தள்ளிப்போட்டிருந்தன. இயற்கைத் தேர்வு கண்ணெதிரே நடந்திருக்கிறது! வறட்சிக்கு முந்தைய பதிவுகள் கையில் இருந்ததால்தான் அது தெரிந்தது. 'இதனால் என்ன பயன்' என்று கேட்டு இத்தகைய நீண்டகாலக் கண்காணிப்புக்கு நிதி மறுப்பது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

அதே வட்டாரத்தின் புல்ஹெட் குளத்துச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, ஈயம்-210 என்னும் கதிரியக்க ஈயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு காலம் கணித்தார்கள். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுக்கிலிருந்த உறக்க முட்டைகளும் ஆய்வகத்தில் பொரிந்தன.