லைக்கன்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

பழைய செங்கல் சுவர்லயோ கோயில் கருங்கல்லுலயோ வட்ட வட்டமா சாம்பல், வெள்ளை, மஞ்சள் கலர்ல படை மாதிரி ஒட்டிட்டு இருக்குமே, அதைத்தான் லைக்கன்னு சொல்றாங்க. நம்மாளுங்க பொதுவா "பாசி புடிச்சிருக்கு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க, ஆனா அது பாசி மட்டும் இல்ல.

சொல்லு கிரேக்கத்துலேர்ந்து வந்தது, "லெய்க்கேன்". நக்குறதுங்கிற வினையோட சம்பந்தப்பட்டதுன்னு சொல்றாங்க, அதாவது சுத்தி நக்கி நக்கி பரவுறது. தோல்ல வர்ற படைக்கும் அங்க இதே பேருதான், இன்னிக்கும் தோல் டாக்டருங்க "லைக்கன் பிளானஸ்"னு எழுதுறது அதனாலதான். லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, அங்கேயே சிலர் லிச்சன்னும் சொல்வாங்க, ரெண்டும் சரி.

ரொம்ப நாள் இதை ஒரே செடின்னுதான் நெனச்சிட்டு இருந்தாங்க. 1867-ல சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர், இது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழுறதுன்னு சொன்னாரு, அப்போ லைக்கன் ஆராய்ச்சில பெரிய ஆளா இருந்த நைலாண்டர் மாதிரி ஆளுங்க கடுமையா எதிர்த்தாங்க, ஆனா ஷ்வெண்டனர் சொன்னதுதான் நின்னுச்சு. பூஞ்சை உடம்பையும் மேல்தோலையும் கட்டுது, உள்ள இருக்குற பாசி (சில வகைல நீலப்பச்சைப் பாசி) வெயில்ல சாப்பாடு தயாரிக்குது. உடம்புல பெரும்பகுதி பூஞ்சைதான், லைக்கனுக்கு வைக்கிற அறிவியல் பேரும் அந்தப் பூஞ்சையோட பேருதான்.

இதை வெச்சுத்தான் தமிழ்ச் சொல்லைப் பாக்கணும். பாடப்புத்தகத்துல லைக்கன்கள்னே போட்டுட்டாங்க. செட்டிநாட்டு மசாலால போடுற கல்பாசி அசல் லைக்கன்தான், அழகான பேரு, ஆனா அது கடைச்சரக்கு ஒண்ணோட பேரா நின்னுடுச்சு, அதுவும் கல்லுல மட்டும் இல்ல மரப்பட்டைலயும் வளருது. என் ஓட்டு "பாசிப்பூஞ்சை"க்குத்தான். தமிழ்ல இப்படி சேர்ற சொல்லுல கடைசியா நிக்கிறதுதான் முக்கியச் சொல்லு, முன்னாடி வர்றது அதை விவரிக்கும், கல்பாசின்னா அது ஒரு பாசின்னு ஆயிடும், பாசிப்பூஞ்சைன்னா பாசியை வெச்சிருக்குற பூஞ்சைன்னு சரியா வருது. சமையலுக்கு கல்பாசி அப்படியே இருக்கட்டும்.

சரி, சுவர்ல இருக்குறது அதுதானான்னு எப்படி கண்டுபுடிக்கிறது? பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும். குட்டி இலையும் தண்டும் தெரிஞ்சா அது மாஸ் (moss)னு சொல்ற சின்னச் செடி. மழைத்தண்ணி வழியுற இடத்துல கருப்பா கோடு கோடா இறங்கினா பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. ஈரச் சுவர்ல ஆரஞ்சு வெல்வெட் மாதிரி இருந்தா ட்ரென்டிபோலியான்னு ஒரு பாசி, பேருக்குத்தான் பச்சைப்பாசி, கரோட்டின் நிறையா இருக்குறதால பச்சை தெரியாது. கல்லோட ஒட்டி, ஓரம் தெளிவா, நடுவுல விளிம்பு வெச்ச சின்னத் தட்டோ கருப்புப் புள்ளியோ இருந்தா லைக்கன், அது பூஞ்சை வித்து விடுற இடம். ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, சாம்பல் நிறம் பல வகைல பச்சையா மாறும், மேல்தோல் ஈரத்துல கொஞ்சம் தெளிஞ்சு உள்ள இருக்குற பாசி தெரியுறதாலதான் அப்படி. செங்கலுக்கு நடுவுல இருக்குற சுண்ணாம்புப் பூச்சுல ஒரு வகையும் செங்கல் மேலயே வேற வகையும் இருக்கும், அதனால எந்த இடத்துல இருந்துச்சுங்கிறதையும் குறிச்சு வைங்க. சுரண்டி மட்டும் எடுக்காதீங்க, சுவர்ல ஒட்டுற வகைங்க பலதும் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெருசு.