வெல்டிங் ரோபோவின் திறனை எங்கே நின்று அளப்பது?

சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-இல் தென் கொரியாவின் உற்பத்தித் துறையில் 10,000 தொழிலாளர்களுக்கு 1,012 ரோபோக்கள் இருந்தன. உலகச் சராசரி 162. நாடுகளை ஒப்பிட உதவும் இந்தக் கணக்கு, ஒரு நிறுவனம் வாங்கிய ரோபோவை எவ்வளவு திறம்படப் பயன்படுத்துகிறது என்பதைச் சொல்வதில்லை. ஆனாலும், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திறனை அளக்கப் போகும்போதெல்லாம், என்னிடம் முதலில் சொல்லப்படுவது ரோபோக்களின் எண்ணிக்கைதான்.

அதைவிடப் பொருத்தமான அளவுகோல், ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா வகுத்த ஓ.இ.இ. எனும் ஒட்டுமொத்த இயந்திரப் பயன்திறன். உதாரணமாக, 480 நிமிட ஷிப்டில் இடைவேளை போக 450 நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் முனையான டிப்பை மாற்றுவது, வயர் சுருள் மாற்றுவது, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கை மாற்றுவது, பாகத்துக்காகக் காத்திருப்பது என்று 90 நிமிடம் போனால், ரோபோ ஓடிய நேரம் 80 சதவீதம். மீதி 360 நிமிடத்தில், நிமிடத்துக்கு ஒன்று வீதம் 360 வர வேண்டிய இடத்தில் 300 வந்தால் வேகம் 83 சதவீதம். அவற்றில் 285 மட்டும் முதல் முறையிலேயே தேறினால் தரம் 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் ஓ.இ.இ. வெறும் 63 சதவீதம்.

இந்தக் கணக்கிலும் ஏமாற இடமுண்டு. பிரஸ் பிரிவிலிருந்து வரும் தகட்டின் வளைவு சிறிது மாறினாலும் இணைப்பில் இடைவெளி விழுகிறது. கைவெல்டர் அதைக் கண்ணால் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்வார், சென்சார் இல்லாத ரோபோவோ கற்றுக்கொடுத்த புள்ளியிலேயே வெல்டு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே பல ஆலைகளில் ரோபோ வேலை செய்யும் அடைப்பான செல்லுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, அனுபவமுள்ள வெல்டர் ஒருவரை குறைகளைச் சரிசெய்யும் டச்-அப் வேலைக்கு உட்கார வைத்திருப்பார்கள். அங்கே சரிசெய்யப்பட்டவையும் நல்ல உருப்படிகளாகவே பதிவாகின்றன. அவருடைய சம்பளம் வேறு தலைப்பில் போய்விடுகிறது. (அந்த மேசையைப் பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் காட்டுவதில்லை.) எனவே, அளவை அந்த மேசைக்கு முன்பாகவே, செல்லின் வாயிலிலேயே எடுக்க வேண்டும்.

1980-களில் ரோபோக்களில் பெரும் பணத்தைக் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில், டொயோட்டாவுடன் கூட்டாக 1984-இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் தொடங்கிய ஆலைதான், குறைந்த தானியக்கத்துடனேயே கூடுதல் உற்பத்தித் திறனைக் காட்டியது. பாகங்கள் சீராக வருவதும், கோளாறு கண்ட இடத்திலேயே லைனை நிறுத்துவதும் அங்கே முதலில் கவனிக்கப்பட்டன.

ரோபோ வாங்கத் திட்டமிடுவோர், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கைவெல்டிங் பகுதியில் ஒரு மாதத்துக்கான இதே மூன்று அளவுகளையும், டச்-அப் நேரத்தையும் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. விற்பவர் தரும் சைக்கிள் டைமில் (ஒரு பாகத்தை முடிக்க ஆகும் நேரம்) பாகத்தை மாட்டிக் கழற்றும் நேரம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.