பெனாபோல் யார்டில் மோதினால் யார் பணம் கொடுப்பது?

சில வருடங்களுக்கு முன் நாமக்கல்லில் என் அலுவலகத்துக்கு ஒரு லாரி ஓனர் வந்தார். இரண்டே வண்டி, இரண்டும் ஃபைனான்ஸில். அதில் ஒன்று ஈரோட்டிலிருந்து நூல் ஏற்றிக்கொண்டு மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் போய், எல்லையைத் தாண்டி வங்கதேசப் பக்கம் பெனாபோல் யார்டில் லோடு இறக்கியிருக்கிறது. (அப்போது நூல் தரைவழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் அதை நிறுத்திவிட்டது.) ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சுமைத் தொழிலாளியின் காலில் டயர் ஏறிவிட்டது. வண்டியை அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள்.

"இன்சூரன்ஸ் ஒரு நாள் தவறாம கட்டியிருக்கேன் சார்" என்று பாலிசியை நீட்டினார். உண்மைதான், கட்டியிருக்கிறார். ஆனால் பாலிசி செல்லுபடியாகும் இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருந்தது. எல்லைக்கோட்டிலிருந்து அந்த யார்டு நடந்து போகிற தூரம்தான், அந்தத் தூரத்துக்கு அவரிடம் காப்பீடு இல்லை. கடன் வாங்கி, பேசி முடித்து வண்டியை மீட்டார். அந்தத் தொழிலாளிக்குக் கையில் என்ன கிடைத்தது, அது போதுமானதா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளே என் பிழைப்பு என்பதால் அது இன்னும் உறுத்துகிறது.

வெளிநாட்டு லாரிகளை நம் சாலையில் விடலாமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்த யார்டுதான் ஞாபகம் வருகிறது. 2015 ஜூன் 15 அன்று திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் சேர்ந்து மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டு லாரி சரக்கை இறக்கி மாற்றாமல் அடுத்த நாட்டுக்குள் நேராகப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். அதே வருடம் நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரி சோதனையாகப் போனது. இந்தியாவுக்குள்ளேயே சிலிகுரி சுற்றிப் போவதைவிட ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் மிச்சம். ஆனால் 2016-ல் பூட்டானின் மேலவை ஒப்பந்தத்தை நிராகரித்தது. சின்ன நாடு, மலைச் சாலை, தங்கள் லாரிக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம். மற்ற மூன்று நாடுகளும் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன.

பயம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான், அவன் வந்தால் நம் லோடு போய்விடும் என்று நாமக்கல் ஓனர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்கிறது. வெளிநாட்டு லாரி இங்கே ஓர் ஊரில் லோடு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க அனுமதி கிடையாது. அதனால் வாடகைப் போட்டியை நினைத்து நான் அவ்வளவு கவலைப்படவில்லை. எல்லையில் லாரி காத்துக் கிடக்கும் கொடுமையை நினைத்தால் நேராகப் போகவிடுவதே நல்லது என்றுகூடச் சொல்வேன். பெட்ராபோலைக் கடக்கப் பல நாட்கள் ஆகிறது, கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே அளவு போக்குவரத்துள்ள எல்லைகளை 6 மணி நேரத்துக்குள் கடக்கிறார்கள் என்று உலக வங்கி 2021-ல் சொன்னது. அத்தனை நாளும் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் டிரைவருக்குக் கேபினுக்குள்தான்.

வெளிநாட்டு லாரிகளால் நம் சாலை தேயும் என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது. நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பை 2018-ல் நாமே 11.5 டன் ஆக்கினோம். எடை கூடுவது எட்டில் ஒரு பங்குதான், ஆனால் சாலைப் பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் நான்மடிக் கணக்குப்படி (எடை கூடிய விகிதத்தை அதாலேயே பெருக்கி நான்காம் அடுக்குக்குக் கொண்டுபோவது) தேய்மானம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். எல்லையிலேயே எடைபோட்டு, ஓவர்லோடு வண்டியைத் திருப்பி அனுப்பினால் இதற்கு வழி கிடைத்துவிடும்.

ஆனால் இழப்பீட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஹரியானா வண்டி மோதிய வழக்கிலேயே சம்மனை ஓனர் கையில் சேர்க்க எத்தனை வாய்தா ஆகிறது என்று எனக்குத் தெரியும். அப்புறம் டாக்காவில் இருக்கிற ஓனரை ஒரு விதவை எங்கே போய்த் தேடுவாள்? ஐரோப்பாவில் இதற்கு 1953-லிருந்து பச்சை அட்டை இருக்கிறது. வெளிநாட்டு வண்டி மோதினால் பாதிக்கப்பட்டவர் உள்நாட்டிலேயே இழப்பீடு வாங்கிக்கொள்வார், அந்த வண்டியின் நாட்டிடமிருந்து பணத்தை வசூலிப்பது அங்கிருக்கும் காப்பீட்டு அமைப்பின் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் பழுப்பு அட்டை, கென்யா, உகாண்டா பக்கம் மஞ்சள் அட்டை. தெற்காசியாவில் இப்படி ஒன்று ஓடத் தொடங்குவதற்கு முன் எல்லைக் கதவைத் திறப்பதை நான் எதிர்க்கிறேன். திறந்த பிறகு செய்துகொள்ளலாம் என்றால் அதுவரை அடிபடுகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் லாரி எல்லைக்கோட்டைத் தாண்டுமானால், லோடு ஏற்றுவதற்கு முன்பே ஏஜெண்டிடம் 'ஜியோகிராஃபிக்கல் ஏரியா எக்ஸ்டென்ஷன்' என்று அந்தப் பெயரிலேயே கேளுங்கள். வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை உட்பட அண்டை நாடுகளுக்குக் கூடுதல் பிரீமியத்தில் தருகிறார்கள். நாட்டின் பெயர் பாலிசியில் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

எல்லைப் பக்கம் லாரி ஓட்டும் டிரைவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டு லாரி உங்களை மோதினால், அது கிளம்புவதற்கு முன் போலீசில் சொல்லி எஃப்.ஐ.ஆர். போட வையுங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றையும் போட்டோ எடுங்கள். இழப்பீட்டு வழக்கை உங்கள் ஊர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம், வங்காளம் வரை அலைய வேண்டாம். வண்டி அடையாளமே தெரியவில்லை என்று ஆகிவிட்டால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்தான். வங்கதேச நம்பர் பிளேட் வங்காள எழுத்தில் இருக்கும், நேபாள வண்டிகள் பலவற்றில் தேவநாகரி. படிக்க முடியாவிட்டாலும் பிளேட் முழுதாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், படிக்கிற ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.