விழுந்த மறுநாள்

தாராவியில் எங்கள் சந்தில் குடியிருந்த ஒரு பெயின்டர் அண்ணன், மாட்டுங்காவில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்; முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். மறுநாள் அதுவும் ஆடவில்லை. "நேத்து ஆடுச்சே?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்; நின்று பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஆளைத் தாறுமாறாகத் தூக்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் யாரும் தொடாவிட்டாலும் தண்டுவடக் காயம் பெருகும். அடிபட்ட நொடியில் சில நரம்பு செல்கள்தான் கிழிகின்றன. அவற்றிலிருந்து குளூட்டமேட் கொட்டுகிறது. செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ளத் துளியூண்டு விட்டு, உடனே உறிஞ்சிக்கொள்கிற சரக்கு அது. இப்போது வெள்ளமாய் வருவதால், பிழைத்த செல்களின் வாசல்களும் திறந்தே கிடக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது.

செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதை வெளியேற்ற செல் ஓயாமல் பம்ப் அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் நசுங்கி ஆக்சிஜன் வராவிட்டால் பம்புக்குச் சக்தி ஏது? மழை நாளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது பார்த்து கரண்டும் போகுமே, அந்தக் கதைதான்.

உள்ளே வந்த கால்சியம் கால்பெய்ன் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அது செல்லைத் தாங்கும் புரதங்களை நறுக்குகிறது. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, பட்டதையெல்லாம் அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் கிளம்புகின்றன. கசிந்த ரத்தத்தின் இரும்பும் சேர்ந்துகொள்ள, நரம்பைச் சுற்றிய கொழுப்பு கெடுகிறது. கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே வேதியியல்தான். அப்புறம் வீக்கம், அழற்சி. இதெல்லாம் நாள்கணக்கில் ஓடும்.

அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் ரெஜினால்ட் ஆலன் 1911-இலேயே இதை மோப்பம் பிடித்தார். நாய்களின் தண்டுவடத்தில் எடையை விழவைத்து, காயத்துக்குள் தேங்கிய ரத்தக்கூழை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்த நாய்கள் மேலாகத் தேறின. அந்தக் கூழிலேயே ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவர் சந்தேகம்.

சரி, மருந்து? அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பெரிய டோஸில் கொடுத்தால் பலன் உண்டு என்று 1990-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு அந்தக் கணக்கே கேள்விக்குள்ளானது. தொற்று முதலான பக்கவிளைவுகள் வேறு. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

இப்போது கைகொடுப்பவை எளிய விஷயங்கள்தான்: அழுத்தும் எலும்பைச் சீக்கிரம் அறுவை செய்து விலக்குவது, ரத்த அழுத்தத்தை இறங்க விடாமல் பிடித்துவைப்பது. ஐசியூவில் நர்ஸ் மறுபடி மறுபடி பி.பி. பார்த்ததை அண்ணி சலித்துக்கொண்டார். அந்த எண் இறங்கினால் தண்டுவடத்துக்கு ரத்தம் குறையும், பம்ப் நிற்கும்.