பத்து விளக்குகள் ஒலியை அளக்கும் விதம்

ஆம்ப்ளிஃபயர் முகப்பில் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்இடி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருப்பதால் பலர் அதை அலங்கார விளக்கு என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அது ஓர் அளவுகோல். லெவல் மீட்டர் என்று பெயர்.

படித்துறையில் தண்ணீர் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணினாலே நீர்மட்டம் தெரிந்துவிடும். இங்கே படிகளாக இருப்பவை வரிசையாகக் கோத்த ரெசிஸ்டர்கள், அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு பாகங்கள். வரிசையின் உச்சியில் நிலையான ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குறிப்பிட்ட வோல்ட் கிடைக்கும். இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பேரேட்டர் என்ற சுற்று படிக்கு ஒன்றாகக் காவல் இருக்கிறது. வரும் சிக்னல் என் படியைத் தாண்டிவிட்டதா? அதற்கு இந்த ஒரே கேள்விதான். தாண்டினால் தன் எல்இடியை எரியவிடும், இல்லையென்றால் அணைத்துவிடும்.

சரி, படிகளை எந்த உயரத்தில் வைப்பது? உச்சி 10 வோல்ட், படிக்கு 1 வோல்ட் என்று சமமாக வைத்தால், அரை வோல்ட் சிக்னலுக்கு ஒரு விளக்கும் எரியாது. காதுக்கோ அது நன்றாகவே கேட்கும். ஏனென்றால் காது ஒலியின் ஏற்றத்தைக் கூட்டலாக உணர்வதில்லை, ஏறக்குறைய பெருக்கலாக உணர்கிறது. ஏற்றத்தை மடங்குகளில் அளக்கும் டெசிபல் கணக்கு வந்ததும் இதனால்தான். 1 வோல்ட் 2 ஆனாலும், 5 வோல்ட் 10 ஆனாலும் ஏற்றம் ஒன்றே, சுமார் 6 டெசிபல்.

நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்3915 ஐசி (ஒரே சில்லில் அடங்கிய மின்சுற்று) இந்தக் கணக்கில் அமைந்தது. பத்து விளக்கு, படிக்கு 3 டெசிபல். உச்சியை 10 வோல்ட்டில் வைத்தால் அடுத்த படி 7.08, பிறகு 5.01, 3.55, 2.51 என்று இறங்கி, கடைசிப் படி 0.447 வோல்ட்டில் நிற்கும். மேல் மூன்று விளக்குகளுக்கு நடுவிலேயே 5 வோல்ட் போய்விடுகிறது. மீதி ஏழும் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இதன் உடன்பிறப்பான எல்எம்3914-இல் படிகள் சமம், கால்களின் அமைப்பும் ஒன்றே. ஒருமுறை அவசரத்துக்கு அதை மாற்றிப் போட்டேன். பாட்டு முழுக்க அடியில் இரண்டு விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி அளவைக் காட்ட அருமையான ஐசி, ஒலிக்கு அது சரிவராது.

அப்புறம், நேரம். ஒலி சிக்னல் நொடிக்குப் பல நூறு முறை மேலும் கீழும் ஆடுவது. அப்படியே கொடுத்தால் விளக்குகள் மங்கலாகக் கலங்கித் தெரியும். அதனால் முன்னால், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடும், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரும் வைக்கிறார்கள். சிக்னல் உயரும்போது கெப்பாசிட்டர் சட்டென நிரம்பும். தாழும்போது டையோடு வழியை அடைத்துவிடுவதால், பக்கத்திலுள்ள பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடியும். இதில் ஒரு சிக்கல்: சாதாரண சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும். நம் கடைசிப் படியே 0.447தானே! மெல்லிய ஒலி முழுவதும் அங்கேயே காணாமல் போய்விடும். டையோடை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியின் பின்னூட்டப் பாதைக்குள் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழி) வைத்தால் இந்த இழப்பு அநேகமாக மறைந்துவிடும். நல்ல மீட்டரை இதை வைத்தே அடையாளம் காணலாம் என்பேன்.

1939-இல் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய வியு மீட்டர், அதாவது ஒலியளவை முள்ளால் காட்டும் கருவி, தன் அளவை எட்ட 300 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். ஒரு தாள அடியின் கூர்மையான உச்சம் அதற்குள் வந்து போய்விடும். எல்இடிக்கு முள்ளின் எடை இல்லை. அதனால் வேகத்தை ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டுமே தீர்மானிக்கின்றன.

இறக்கத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இருக்கிறது. கெப்பாசிட்டர் வடிவது முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடக்கும். படிகளும் மேலே அகலமாக, கீழே நெருக்கமாக இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், அரை நொடிக்குச் சுமார் மூன்று விளக்கு அணையும். பாட்டைச் சட்டென நிறுத்திவிட்டுப் பாருங்கள், உச்சியிலிருந்து அடிவரை விளக்குகள் ஒரே சீராக அணைந்துகொண்டே இறங்கும்.