உடனொளிர் உணரி: ‘ஒளிரும்’ என்றால் போதாதா?

உயிருள்ள செல்லுக்குள் கால்சியம், துத்தநாகம் முதலிய உலோக அயனிகள் எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்பதை நுண்ணோக்கியில் படமாகக் காட்டித்தரும் சாய மூலக்கூறுகளை ‘ஒளிரும் உலோக அயனி உணரிகள்’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. அண்மையில் என்னிடம் திருத்தத்துக்கு வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையொன்றில் பக்கத்துக்குப் பக்கம் இத்தொடரே நின்றது; இறுதிப் பகுதியில் அது ‘ஒளிரும் அயனிகள்’ என்றே சுருங்கிவிட்டது. தாம் ஆக்கிய தொடரில் மொழிபெயர்ப்பாளர் தாமே ஏமாந்திருந்தார். ஒளிர்வது சாயமே அன்றி அயனி அன்று.

‘ஒளிரும்’ என்று பெயர்க்கப்படும் ஆங்கில மூலச்சொல் ‘புளோரசென்ட்’. அதன் கதை சிறியது. 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரைக் கொண்டு ‘புளோரசென்ஸ்’ என்ற சொல்லை ஆக்கினார். உலோகம் உருக்குவோர் இளக்கியாகப் பயன்படுத்திய அக்கனிமத்தின் பெயர், பாய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. சொல்லுக்குள் ஒளியே இல்லை என்பதால் அதைப் பெயர்த்துப் பயனில்லை. நிகழ்வைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும்.

நிகழ்வு இதுதான்: மூலக்கூறு ஓர் ஒளியை உட்கொண்டு, சில நானோநொடிகளுக்குள், பெரும்பாலும் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள வேறோர் ஒளியை உமிழ்கிறது, படும் ஒளியை நிறுத்தினால் உமிழ்வும் அப்போதே நின்றுவிடும். ‘உடனொளிர்வு’ என்னும் சொல் இதை அப்படியே சொல்கிறது. ஒளியை நிறுத்திய பின்னும் தொடர்வது ‘நின்றொளிர்வு’. ‘உடன்’ என்பது உடனடியாக என்றும், சேர்ந்து என்றும் இருபொருள் தருவதால் குழப்பம் வரும் என்பார்கள். எப்பொருளில் கொண்டாலும் இங்கே பிழையில்லை என்பதே என் விடை.

‘ஒளிரும்’ என்ற சொல்லின் குறை வெறும் சுவை பற்றியது அன்று. 1962இல் ஜெல்லி மீனிலிருந்து பிரிக்கப்பட்ட ஈக்குவாரின் என்னும் புரதமும் கால்சியத்தைக் காட்டும். ஆனால் அதற்கு வெளியிலிருந்து ஒளி எதுவும் வேண்டாம், கால்சியம் பட்டதும் வேதிவினையால் தானே ஒளிரும். வேதியியலாளர் ரோஜர் சியனின் குழு 1985இல் அறிவித்த ஃபியூரா-2 என்னும் சாயம் அப்படிப்பட்டதன்று. அதன்மேல் 340, 380 நானோமீட்டர் ஒளிகளை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, ஏறத்தாழ 510 நானோமீட்டரில் வரும் உமிழ்வுகளின் விகிதத்திலிருந்து கால்சியச் செறிவைக் கணக்கிடுவார்கள். இவ்விரண்டையும் ‘ஒளிரும் உணரி’ என்றே அழைத்தால், விளக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று படிப்பவர் எப்படி அறிவார்?

இலக்கணமும் ‘ஒளிரும்’ என்பதற்குத் துணை நிற்கவில்லை. ‘ஒளிரும்’ என்ற பெயரெச்சம் அடுத்து வரும் பெயரைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதனால்தான் அக்கட்டுரையில் அயனிகள் ஒளிர்ந்தன. மேலும், இச்சாயங்களெல்லாம் அயனி சேர்ந்ததும் ஒளிர்பவை அல்ல. இரும்பு பிணைந்ததும் ஒளி மங்கும் கால்சீன் போன்றவையும் உண்டு, அந்த மங்கலே அங்கு அளவை. ‘உடனொளிர் உணரி’ வினைத்தொகையாதலால், காலத்தை உள்ளடக்கி, இப்போது ஒளிர்கிறதா என்ற கேள்விக்கே இடங்கொடாமல் பொருளின் இயல்பை மட்டும் குறிக்கிறது.

‘உணரி’க்குப் பதில் ‘உணர்கருவி’ என்பாரும் உளர். செல்லுக்குள் கரைந்து திரியும் ஒற்றை மூலக்கூறைக் கருவி என்றால், படிப்பவர் கம்பியும் திரையும் தேடுவார். உண்மையில் எனக்கு ‘உணரி’யிலும் முழு நிறைவு இல்லை, அமில காரச் சோதனையில் நிறங்காட்டி என்று பள்ளியிலேயே பழகிய நாம், இதையும் ‘உடனொளிர் காட்டி’ என்றிருக்கலாம். இருப்பினும் உணரி வேரூன்றிவிட்டதால் அதை விட்டுவைத்து, அக்கட்டுரை முழுவதிலும் ‘உலோக அயனிகளுக்கான உடனொளிர் உணரி’ என்று மாற்றி அனுப்பினேன். தொடர் நீளமாகிவிட்டது என்று முறையீடு வந்திருக்கிறது.