பிரேக் ஒயிலுக்குள் குடியிருக்கும் தண்ணீர்

"மொரிஸ் மைனர் கார் ஒன்று விலைக்கு வருது. எஞ்சின் நல்லா ஓடுது, ஆனா சர்விஸ் புத்தகம் இல்லை. அது அவ்வளவு முக்கியமா?" என்று மலைநாட்டு ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சமதரை ஊர்க்காரர் கேட்டிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

எஞ்சின் தன் நோயைப் புகையாலும் சத்தத்தாலும் தானே சொல்லிவிடும். பூசி மறைத்த துருவை ஒரு சின்னக் காந்தம் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்கும் காதுக்கும் அகப்படாமல் இருப்பது பிரேக் ஒயிலின் கோளாறு.

ஒயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. கிளைக்கோல் ஈதர் வகைத் திரவம். தண்ணீரைக் கண்டால் விடாது. தாங்கி மூடியின் துளை வழியாகவும், ரப்பர் குழாயின் சுவரை ஊடுருவியும் காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் குடித்துக்கொண்டிருக்கும். நுவரெலியா மூடுபனியில் கேட்கவா வேண்டும்? டொட் 3 என்ற தரவகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே விதி கேட்பது 140 பாகைதான்.

இப்போது இறக்கம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீற்றர் இறங்கினால் சுமார் 98 இலட்சம் யூல் சக்தி வெளிப்படும். 20 பாகையிலுள்ள 29 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் காற்றும் வாங்கியது போக மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில் வெப்பமாக இறங்கும். அங்கிருந்து, பிரேக் ஒயில் நிற்கும் சக்கரச் சிலிண்டருக்கு. அங்கே ஈரமான ஒயில் கொதிக்கும்.

திரவம் அமுங்காது. அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேருகிறது. ஆவியோ பஞ்சு போல அமுங்கும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது.

றம்பொடை வளைவுகளில் எனக்கு இது நேர்ந்தது. இரண்டாம் கியரும், கம்பியில் இயங்கும் ஹேண்ட் பிரேக்கும் காப்பாற்றின. ஓரங்கட்டி, கைநடுக்கம் அடங்க ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது! ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது. கராஜ் பாஸ் மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கு சேர்" என்று என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். தன் தடயத்தைத் தானே அழித்துவிட்டுப் போகும் இந்தக் கோளாறின் மீது பயத்தோடு கொஞ்சம் மரியாதையும் எனக்கு உண்டு.

ஆகவே டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒயில் எப்போது மாறியது என்று திகதியோடு எழுதிய வரிதான் சாட்சி. மைல் கணக்கையும் நம்பாதீர்கள். "தோட்டத் துரை கொட்டகையிலேயே வைத்திருந்தார், ஓடவே இல்லை" என்பார்கள். ஈரம் ஓட்டத்தை எண்ணுவதில்லை, வருடத்தைத்தான் எண்ணும்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதை நான் தடுக்கவில்லை. அது ஒயிலிலுள்ள தண்ணீரை எடுக்காது, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வேறிடத்தில். வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். மலைநாட்டு வாகனங்களுக்காவது பிரேக் ஒயிலையும் அங்கேயே சோதித்தால் என்ன குறைந்துவிடும்?

புத்தகம் இல்லாத காரை வாங்கவே கூடாதென்று சொல்ல மாட்டேன். புது ஒயில், சக்கரச் சிலிண்டர் ரப்பர், பிரேக் குழாய்கள் எல்லாவற்றின் செலவையும் கழித்து விலை பேசுங்கள். அந்த வேலை முடியும்வரை காரை கினிகத்தேனை இறக்கத்துப் பக்கம் திருப்ப வேண்டாம்.